ஆக்டிவ் கேலக்ஸியின் எக்ஸ் கதிர் ஏற்ற இறக்கம்: நாகர்கோவிலிலிருந்து ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி: நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஆக்டிவ் கேலக்ஸிகளின் (நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளையில் வாயு விழுவதால் ஒளிரும் கேலக்ஸிகளின்) எக்ஸ் கதிர் ஏற்ற இறக்கத்தை ப்ராஜெக்டாக எடுக்க ஆசை. கல்லூரியில் இருப்பது சனியின் வளையத்தைக் காட்டும் அளவுக்கு ஒரு சின்ன டெலஸ்கோப்தான். இதை வைத்துக்கொண்டு அந்தத் தலைப்பெல்லாம் நடக்காது என்கிறார்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற விண்வெளி எக்ஸ் கதிர் டெலஸ்கோப்பின் டேட்டா ஒன்றை இறக்கி லைட் கர்வ் (நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) போட்டுப் பார்த்தேன். சுமார் ஒன்பது மணி நேர டேட்டாவில், மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று மூன்று மேடு தெரிகிறது. கருந்துளையைச் சுற்றிவரும் ஏதோ ஒன்றின் சுற்றுக்காலமா இது? இதை வைத்து என்ன செய்யலாம்?

பதில்:

டெலஸ்கோப் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர் நம் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. உலகத்திலேயே பெரிய டெலஸ்கோப்பை மருந்துவாழ்மலை உச்சியில் கொண்டுபோய் வைத்தாலும் ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான்கூடச் சிக்காது. ஆகவே இந்தத் துறையில் இருக்கும் எல்லோருமே மேலே சுற்றும் கருவிகள் அனுப்பும் டேட்டாவை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டனில் நேரம் கேட்டு வாங்கியவருக்கு வழக்கமாக ஓராண்டு தனியுரிமை உண்டு. அதன்பின் டேட்டா எல்லோருக்கும் பொது, இலவசம். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை என்று இரண்டும் வந்து வானத்தை மூடுகிற நம் மாவட்டத்தில் நட்சத்திரத்தைத் தொடர்ந்து படம் எடுக்க நினைப்பவர்கள்தான் பாவம். உங்களுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை.

இனி அந்த மூன்று மேடு. நேராகச் சொல்லிவிடுகிறேன்: அது சுற்றுக்காலமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் டேட்டாவில் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆக்டிவ் கேலக்ஸியின் எக்ஸ் கதிர் ஒளி இயல்பாகவே அப்படித்தான் ஆடும்.

முட்டத்துப் பாறைமேல் நின்று கடலைப் பார்த்திருப்பீர்கள். சின்ன அலைகள் ஓயாமல் வரும். அவற்றைச் சுமந்துகொண்டு பெரிய எழுச்சி ஒன்று மெதுவாக வரும். அதற்கும் அடியில் இன்னும் மெதுவாக ஒரு ஏற்றம் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரிய அலை மூன்று வந்தது, இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றுதான்" என்று யாரும் சொல்லிவிடலாம். இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றால் அந்தக் கணக்கு கலைந்துபோகும். உங்கள் லைட் கர்வும் அந்த ரகம்தான். நீண்ட கால அளவில் ஆட்டம் பெரிது, குறுகிய கால அளவில் ஆட்டம் சிறிது. இதற்கு ரெட் நாய்ஸ் என்று பெயர். பவர் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்ற வரைபடம், போட்டால் அதிர்வெண் கூடக்கூட பவர் வேகமாகச் சரியும். உயர் அதிர்வெண் பக்கத்தில் ஏறத்தாழ அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில். இதனால் என்ன ஆகும் என்றால், எவ்வளவு நீளத்துக்கு டேட்டா எடுத்தாலும் அந்த நீளத்துக்குள் இரண்டு மூன்று மேடு தெரிந்தே தீரும். ஒன்பது மணி நேரம் எடுத்தால் மூன்று மணி நேரச் 'சுற்று'. மூன்று நாள் எடுத்தால் ஒரு நாள் 'சுற்று'. கண் அதை விரும்பிப் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஆசையில் பெரியவர்களே சிக்கியிருக்கிறார்கள். என்ஜிசி 6814 என்ற கேலக்ஸியின் கதையைச் சொல்கிறேன், இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறைக்குள் வரக்கூடாது. 1980களில் ஐரோப்பாவின் எக்ஸோசாட், அப்புறம் ஜப்பானின் கிங்கா ஆகிய எக்ஸ் கதிர் செயற்கைக்கோள்கள் அந்தத் திசையில் சுமார் 12,000 விநாடிச் சுற்று ஒன்றைக் கண்டன. மூன்று மேடு இல்லை. பல சுற்று, திரும்பத் திரும்ப, ஆண்டுகள் கழித்தும் அதே காலம். கருந்துளையைச் சுற்றிவரும் நட்சத்திரம் என்றெல்லாம் கோட்பாடுகள் எழுதப்பட்டன. பிறகு ரோசாட் என்ற செயற்கைக்கோள் அந்த இடத்தைப் படமாகவே எடுத்தது; முடிவு 1993-இல் வெளியானது. பார்த்தால், சுற்று வந்தது கேலக்ஸியிலிருந்தே இல்லை. முழு நிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகமாகத் தள்ளி, நம் பால்வீதிக்குள்ளேயே இருந்த ஓர் இரட்டை நட்சத்திரம்தான் ஆள்: பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து வாயுவை இழுக்கும், காந்தப்புலம் வலுத்த ஒரு வெள்ளைக் குள்ளன். முந்தைய கருவிகளால் படம் எடுக்க முடியாது. பார்வைப் பரப்புக்குள் விழுந்த எல்லா ஃபோட்டானையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணின, அவ்வளவுதான். அங்கே சுற்று உண்மை, ஆள்தான் மாறிப்போனது. உங்கள் விஷயத்தில் சுற்றே சந்தேகம்.

அப்படியானால் உண்மையான சுற்று எதுவுமே கிடையாதா? உண்டு, அபூர்வமாக. ஆர்இ ஜே1034+396 என்ற கேலக்ஸியை எக்ஸ்எம்எம்-நியூட்டன் 2007-இல் சுமார் ஒரு நாள் தொடர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு என்று பதினாறு சுற்று வந்தது. 2008-இல் நேச்சர் இதழில் வெளியானது. ஆக்டிவ் கேலக்ஸி ஒன்றில் பலரும் ஒப்புக்கொண்ட முதல் எக்ஸ் கதிர்த் துடிப்பு அது. பிறகு எடுத்த சில டேட்டாவில் அது காணவில்லை; 2018-இல் எடுத்ததில் மறுபடி தெரிந்தது. பதினாறு சுற்று இருந்தும் இத்தனை விவாதம். ஐந்துக்குக் குறைந்த சுற்றை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் நான் காதே கொடுப்பதில்லை.

என் கருத்து இதுதான்: சுற்றைத் தேடாதீர்கள். சுற்றில்லாத அந்த ஆட்டத்துக்குள்ளேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் அளவு. ஒரு பொருளின் வெளிச்சம் 1,000 விநாடிக்குள் இரண்டு மடங்காகிறது என்றால், வெளிச்சம் வரும் இடம் 1,000 ஒளி விநாடியைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஒரு மூலையில் நடந்த மாற்றம் மறு மூலைக்குத் தெரிய அதற்குமேல் ஆகிவிடுமே. அது 30 கோடி கிலோமீட்டர், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல இரண்டு மடங்கு. ஒரு கேலக்ஸியின் குறுக்களவு லட்சம் ஒளியாண்டு. அதன் நட்சத்திரங்கள் அத்தனைக்கும் ஈடுகொடுக்கிற வெளிச்சம் இவ்வளவு சின்ன இடத்திலிருந்து வர, கருந்துளையில் விழும் வாயுவைத் தவிர வேறு நல்ல விளக்கம் இல்லை. கருந்துளைப் பக்கத்திலிருந்து ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் ஜெட் (தாரை) நம்மை நோக்கி வரும் கேலக்ஸிகளான பிளேசர்களில் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. அங்கே சார்பியல் விளைவால் காலமே சுருங்கித் தெரியும்.

அடுத்தது நிறை. கருந்துளையின் நிறையை வைத்து ஓர் இயல்பான கால அளவு உண்டு: ஈர்ப்பு ஆரத்தை (சுழலாத கருந்துளையின் ஆரத்தில் பாதி) ஒளி கடக்கும் நேரம். சூரியனைப்போல ஒரு கோடி மடங்கு நிறை என்றால் அது சுமார் 50 விநாடி. பத்து லட்சம் மடங்கு என்றால் 5 விநாடி. நூறு கோடி மடங்கு என்றால் 5,000 விநாடி. சுழலாத கருந்துளையைச் சுற்றி நிலையாக ஓடக்கூடிய மிக உள்ளான பாதையில் ஒரு சுற்றுக்கு இதைப்போல 92 மடங்கு நேரம் ஆகும். ஒரு கோடிக்கு அது ஒன்றேகால் மணி நேரம், நூறு கோடிக்கு ஐந்து நாளுக்கு மேல். ஆகவே நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். பவர் ஸ்பெக்ட்ரமின் சரிவு ஓர் இடத்தில் வளையும். அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் சரிவு மெதுவாகிவிடும். அந்த வளைவின் காலம் நிறையோடும், எவ்வளவு வேகமாக வாயு விழுகிறது என்பதோடும் ஒத்துப்போகிறது என்று 2006-இல் மக்ஹார்டி குழு காட்டியது. அந்தக் கணக்கு நம் பால்வீதியில் இருக்கும் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற சின்னக் கருந்துளை வரைக்கும் நீள்கிறது. சூரியனைப்போல இருபது மடங்கு சொச்சம் நிறையுள்ள ஒன்றும், கோடி மடங்குள்ள ஒன்றும் ஒரே விதிக்குள் வருகின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உங்கள் டேட்டாவிலேயே பார்க்கலாம். லைட் கர்வைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சராசரி வெளிச்சம் எவ்வளவு, ஆட்டம் எவ்வளவு என்று கணக்கிட்டு வரைந்தால் நேர்கோடு வரும். பிரகாசமாக இருக்கும்போது ஆட்டமும் பெரிது, மங்கும்போது ஆட்டமும் சிறிது. 2001-இல் இதை முதலில் காட்டினார்கள். பார்க்க எளிய படம், ஆனால் ஒரு பெரிய கருத்தைக் கவிழ்த்துவிட்டது. அதுவரை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சின்னச் சின்ன வெடிப்புகள் கூடித்தான் இந்த ஆட்டம் வருகிறது என்று பலர் நினைத்தார்கள். அப்படியானால் இந்த நேர்கோடு வராது. ஆட்டங்கள் கூட்டப்படவில்லை, பெருக்கப்படுகின்றன. கருந்துளையைச் சுற்றியபடி விழும் வாயு வட்டின் வெளிப்புறத்தில் மெதுவாக எழும் ஏற்ற இறக்கம் உள்ளே நகர்ந்து வர, உள்ளே எழும் வேகமான ஆட்டம் அதன்மேல் ஏறிக்கொள்கிறது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

எக்ஸ் கதிர் வருவது வட்டிலிருந்து நேரடியாக இல்லை. கருந்துளைக்கு மிக அருகே நூறு கோடி கெல்வின் அளவுக்குச் சூடான எலக்ட்ரான்கள் இருக்கும் பகுதியை கொரோனா என்கிறோம். வட்டிலிருந்து வரும் புற ஊதா ஒளியை அந்த எலக்ட்ரான்கள் தட்டி எக்ஸ் கதிராக்கிவிடுகின்றன. அதில் ஒரு பங்கு நேராக நம்மிடம் வரும். இன்னொரு பங்கு வட்டில் பட்டுத் திரும்பி வரும், கொஞ்சம் தாமதமாக. 1எச் 0707-495 என்ற கேலக்ஸியில் அந்தத் தாமதம் சுமார் 30 விநாடி என்று 2009-இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் டேட்டாவில் கண்டார்கள். 30 விநாடியில் ஒளி போகும் தூரம் 90 லட்சம் கிலோமீட்டர். ஐம்பது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் ஒன்றில், எந்தப் படத்திலும் பிரித்துப் பார்க்க முடியாத தூரத்தை வெறும் நேரத்தை வைத்து அளந்துவிட்டார்கள். 2021-இல் ஐ ஸ்விக்கி 1 என்ற கேலக்ஸியில், கருந்துளைக்குப் பின்னால் வட்டில் பட்டு, ஈர்ப்பால் வளைந்து நம்மிடம் வந்த ஒளியையும் இதே வகை ஆய்வில் அடையாளம் கண்டார்கள்.

எல்லா ஆட்டமும் கருந்துளையின் பக்கத்தில் நடப்பது என்றும் எண்ணிவிட வேண்டாம். என்ஜிசி 1365-இல் ஒரு வாயு மேகம் குறுக்கே வந்து எக்ஸ் கதிரைச் சில நாள் மறைத்துவிட்டு விலகியதை சந்திரா என்ற விண்வெளி எக்ஸ் கதிர் டெலஸ்கோப் பிடித்தது. மறைய எடுத்த நேரத்தை வைத்தே உள்ளே ஒளிரும் பகுதி எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டார்கள். பக்கத்திலேயே நடந்தும் புரியாதது ஒன்று: 1இஎஸ் 1927+654 என்ற கேலக்ஸியில் 2018-இல் கொரோனாவே காணாமல்போய், எக்ஸ் கதிர் பல ஆயிரம் மடங்கு விழுந்து, சில மாதத்தில் மறுபடி எழுந்தது. இன்றுவரை அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட காரணம் இல்லை.

சரி, உங்கள் ப்ராஜெக்டுக்கு வருவோம்.

முதலில் அந்த மூன்று மேட்டையே சோதியுங்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஒரு சுற்றுக்கு 48 மணி நேரம் எடுக்கும் நீள்வட்டப் பாதையில் போவதால் ஒரு நாளுக்கு மேலும் இடைவெளியின்றிப் பார்க்க முடியும். அதுதான் அதன் பெரிய பலம். ஆனால் அந்தப் பாதையில் குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் கூட்டமாக வந்து கண்ணாடி வழியே உள்ளே நுழைந்துவிடும். பின்னணி திடீரென்று எகிறும். இதைக் கண்டுபிடிக்க, எக்ஸ்எம்எம்-நியூட்டனில் உள்ள பிஎன் என்ற கேமராவின் முழுப் பரப்புக்கும் 10 முதல் 12 கேஇவி (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை மட்டும் எடுத்து, 100 விநாடிப் பெட்டிகளாக ஒரு லைட் கர்வ் போடுங்கள். அந்த ஆற்றலில் உங்கள் கேலக்ஸியிலிருந்து வருவது சொற்பம், தெரிவதெல்லாம் பின்னணிதான். விநாடிக்கு 0.4 எண்ணிக்கையைத் தாண்டும் நேரங்களை வெட்டிவிடுவது வழக்கமான அளவுகோல். உங்கள் மூன்று மேட்டில் ஒன்று இந்தப் படத்திலும் அதே இடத்தில் எழுந்தால், அது கருந்துளையின் வேலையே இல்லை. முதல்முறை டேட்டா எடுப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுவது சாதாரணம்.

அதில் தேறிவிட்டால் சிமுலேஷன். உங்கள் பவர் ஸ்பெக்ட்ரமின் சரிவை அளந்து, அதே சரிவு, அதே நீளம், அதே சராசரி, அதே ஃபோட்டான் இரைச்சல் உள்ள போலி லைட் கர்வ்கள் ஆயிரம் உருவாக்குங்கள். சுற்று எதுவும் அவற்றில் வைக்கக்கூடாது. டிம்மரும் கோனிக்கும் 1995-இல் எழுதிய முறையைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பைத்தானில் ஸ்டிங்ரே என்ற இலவச நூலகத்தில் அது தயாராகவே இருக்கிறது. ஆயிரத்தில் எத்தனை போலியில் மூன்று மேடு வருகிறது என்று எண்ணுங்கள். வைவாவில் அந்த ஒரு படத்தைக் காட்டினால் போதும், கேள்வி கேட்பவர்கள் அப்புறம் வேறு பக்கம் போய்விடுவார்கள்.

அப்புறம் உண்மையான வேலை. 0.3-1, 1-2, 2-10 கேஇவி என்று மூன்று லைட் கர்வ் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆட்டத்தின் விழுக்காட்டைக் கணக்கிடுங்கள்: மொத்த மாறுபாட்டிலிருந்து அளவீட்டுப் பிழையால் வரும் மாறுபாட்டைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, சராசரியால் வகுக்க வேண்டும். கழிக்க மறந்தால் மங்கலான கேலக்ஸிதான் அதிகம் ஆடுவதாகத் தோன்றும். எந்த ஆற்றலில் ஆட்டம் அதிகம் என்பதே ஒரு நல்ல முடிவு. பிறகு நான் சொன்ன அந்த நேர்கோடு. ஒரு எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு இது தாராளம். தாமதம் அளப்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதற்கு நிறைய ஃபோட்டானும் நிறைய பொறுமையும் வேண்டும், ஒரு பருவத்தில் முடியாது. கேலக்ஸியை மாற்றலாம் என்றால் ஆர்க் 564, என்ஜிசி 4051, எம்சிஜி-6-30-15 மூன்றும் பிரகாசமானவை, வேகமாக ஆடுபவை, நீண்ட டேட்டா உள்ளவை. மென்பொருள் எல்லாம் லினக்ஸில் ஓடும், எல்லாம் இலவசம். நிறுவுவதற்கே மலைப்பாக இருந்தால், ஸ்விஃப்ட் கருவியின் எக்ஸ் கதிர் லைட் கர்வை இணையத்திலேயே செய்துதரும் லெஸ்டர் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். கேலக்ஸியின் பெயரைக் கொடுத்தால் போதும்.

நம் நாட்டின் வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். 2015 செப்டம்பர் 28 அன்று பிஎஸ்எல்வி-சி30 அதை ஏற்றிவிட்டது. பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் விகாஸ் எஞ்சினைச் சோதிக்கும் இடம், ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வரும் மகேந்திரகிரி. இஸ்ரோ தலைவராக இருந்த சிவனும், 2025-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் நம் மாவட்டத்துக்காரர்கள். ராக்கெட் பக்கம் நமக்குப் பஞ்சமே இல்லை. அது ஏற்றிவிட்ட கருவியின் டேட்டாவைத் தோண்டுகிறவர்கள்தான் என் கண்ணில் அதிகம் படுவதில்லை.

ஆஸ்ட்ரோசாட் சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுவது. தென் அட்லாண்டிக் மேல் இருக்கும் கதிர்வீச்சுப் பகுதியின் கடுமையான இடத்தைத் தவிர்க்கத்தான் இவ்வளவு குறைந்த சாய்வு. கன்னியாகுமரி 8 பாகை வடக்கே இருக்கிறது, ஆகவே சில சுற்றுகளில் அது கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே போகும். இந்தப் பாதையில் ஒரு சுற்று சுமார் 98 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து கேலக்ஸியை மறைப்பதால் லைட் கர்வில் ஓட்டைகள் விழும். 98 நிமிடத்தில் ஒரு சுற்று தெரிந்தால் யாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடாதீர்கள், அது ஆஸ்ட்ரோசாட்டின் சுற்றுதான். அதிலுள்ள குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர் டெலஸ்கோப்பான எஸ்எக்ஸ்டியின் டேட்டா ஆக்டிவ் கேலக்ஸிக்கு நன்றாகப் பயன்படும். அதிக ஆற்றல் எக்ஸ் கதிரை எண்ணும் லாக்ஸ்பிசி கருவிகள் மூன்றில் ஒன்று வாயுக் கசிவால் 2018-இலேயே நிறுத்தப்பட்டது, இன்னொன்று நிலையாக இல்லை. பெரும்பாலோர் எடுப்பது லாக்ஸ்பிசி-20 மட்டும். அதிலும் மங்கலான கேலக்ஸிக்குப் பின்னணியைச் சரியாகக் கழிப்பது பெரும்பாடு. மார்க்கேரியன் 421 மாதிரிப் பிரகாசமான பிளேசர் என்றால் தைரியமாக இறங்கலாம். ஆஸ்ட்ரோசாட்டின் ஒரு பெரிய பலம், புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்ப்பது. எம்.எஸ்சி.க்குப் பிறகும் தொடர நினைத்தால் அந்தப் பக்கம் வாருங்கள். புனேயிலுள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையத்தில் ஆஸ்ட்ரோசாட் பயனாளர்களுக்கு உதவ ஒரு பிரிவே உண்டு. மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து தரும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு இறுதியாண்டில் இருக்கும் உங்களுக்குத் தகுதி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு அந்த 10-12 கேஇவி லைட் கர்வை மட்டும் போட்டுவிட்டு, அப்சர்வேஷன் எண்ணோடு படத்தையும் அனுப்புங்கள். இரண்டாவது மேடு மட்டும் மற்ற இரண்டையும்விடக் கூர்மையாக இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான்.